நறுவிலிப் பொட்டலத்தில் எறும்பு

எறும்புகளுக்கு ஆக்சஸ் கார்டு தேவைப்படவில்லை.

மற்ற எல்லோருக்கும் தேவைப்பட்டது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி இரண்டாம் கட்டத்தில் இருந்த நவதுலா உணவு ஆய்வகத்தில் வாசலுக்கு ஒரு கார்டு, லிஃப்டுக்கு ஒரு கார்டு, மூன்றாம் மாடி சாம்பிள் அறைக்கு இன்னொன்று. துப்பறியும் அலர்மேல்மங்கை மூன்றையும் கடந்து உள்ளே வந்தபோது எறும்புகள் அவளுக்கு முன்பே வந்து வேலையில் இறங்கியிருந்தன. ஜன்னல் இடுக்கில் புறப்பட்டு, இரும்பு அலமாரியின் காலில் ஏறி, மூன்றாவது தட்டில் இருந்த நாற்பது பழுப்புக் காகித உறைகளில் ஒரே ஒரு உறையை மட்டும் மொய்த்துக்கொண்டிருந்தன.

"எங்க ஏரியா ரேஷன் கடையிலகூட இவ்வளவு ஒழுங்கா லைன் நிக்காது மேடம்" என்றான் ஹெர்பர்ட்.

பன்னிரண்டு வருடம் கம்பெனி கேப் ஓட்டியவன் ஹெர்பர்ட். இப்போது மங்கையின் டிரைவர், உதவியாளர், அவன் கணக்கில் அவளுடைய மூளையில் பாதி. மங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. விற்பனை வரித் துறையில் இருந்து ராஜினாமா செய்துவிட்டு மல்லேஸ்வரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். விதான சௌதாவில் முப்பது வருடம் ஃபைல் பார்த்த அப்பாவின் மகள். பொய்யான காகிதத்தை முகர்ந்தே கண்டுபிடிப்பாள் என்று பேர்.

"பெஸ்ட் கண்ட்ரோலுக்குச் சொல்லியிருக்கேன்" என்று சங்கடமாகச் சிரித்தார் பத்ரிநாத். ஆய்வகத்தின் தொழில்நுட்பத் தலைவர். மடிப்புக் கலையாத சட்டை, கலையாத புன்னகை. "நீங்க பாக்க வந்த உறைதான் அது. தாராளமா பாருங்க. ஒளிச்சு வைக்க இங்க ஒண்ணும் இல்ல."

மங்கை உறையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். NV-17, நறுவிலிப் பொடி. உறையின் வாயை மூடி ஒட்டிய வெள்ளைத் தாளில் 'அதிதி' என்ற கையெழுத்து. அதன் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: மறுசோதனை முடிந்தது, செவ்வாய், பத்ரிநாத்.

"நீங்க திறந்து மறுபடி ஒட்டினீங்களா சார்?"

"ஆமா. திறந்தேன், பத்து கிராம் எடுத்தேன், அதே தாளை ஒட்டினேன்."

"எதை வெச்சு?"

"என்ன மேடம் கேள்வி? ஆபீஸ் கம் பாட்டில்."

மங்கை கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து, தாளின் ஓரத்தில் கசிந்து காய்ந்திருந்த பிசினைத் துளி ஒற்றி எடுத்தாள். பக்கத்தில் இருந்த மற்ற முப்பத்தொன்பது உறைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். எல்லாமே கம் போட்டு ஒட்டியவைதான். ஒன்றில்கூட எறும்பு இல்லை.

"சாயங்காலம் நாலு மணிக்குப் பாக்கலாம் சார்" என்றாள்.

*

கட்டடத்துக்கு வெளியே, தூறலில் நின்ற காரின் பின் சீட்டில், மங்கையை அமர்த்திய அதிதி காத்திருந்தாள். அவளுடைய கார்டைப் போன சனிக்கிழமை பிடுங்கிவிட்டார்கள். ஜெயநகர்ப் பெண், உணவு வேதியியலில் டாக்டர் பட்டம், வயது இருபத்தொன்பது. நான்கு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள்.

காலையில் வரும் வழியில் அவள் சொன்ன விஷயம் இதுதான். நறுவிலி என்பது யாரும் நடாமலே வேலியோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் வளரும் காட்டு மரம். கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழத்தைப் பிதுக்கினால் கண்ணாடி மாதிரி வழவழவென்று சதை ஒழுகும். அதனால் மூக்குச்சளிப் பழம் என்று ஒரு பட்டப்பெயர். சந்தையில் சீந்துவார் கிடையாது. அதைக் காயவைத்துப் பொடியாக்கி, நறுவிட்டா என்று பேர் வைத்து டப்பாவில் விற்க ஒரு கம்பெனி கிளம்பியது. மூன்று மாதம் முன்பு அந்தப் பொடி சோதனைக்கு இங்கே வந்தது. சோதித்தவள் அதிதி.

"நல்ல பழம்தான் மேடம். கொழுப்பு ரொம்பக் கம்மி. நார்ச்சத்து, கால்சியம், இரும்பு எல்லாம் இருக்கு. பசைப்பொருள் மட்டும் நூத்துக்குப் பதினொண்ணு. பொட்டாசியம் நூறு கிராமுக்கு 1,840 மில்லிகிராம். நல்லா இருக்கறவங்களுக்கு அது பிரச்சினையே இல்ல. ஆனா கிட்னி போனவங்களுக்கு பொட்டாசியம் உடம்புல தங்கிடும். இதயமே தடுமாறும்."

டப்பாவில் அச்சானது 184. கூடவே பச்சை எழுத்தில், 'சிறுநீரக நோயாளிகளுக்கும் ஏற்றது.'

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீராம்புரத்தில் கோவிந்தப்பா என்ற டயாலிசிஸ் நோயாளி, தினம் இரண்டு வேளை நறுவிட்டா குடித்துவந்தவர், வீட்டிலேயே சுருண்டு விழுந்தார். இதயத் துடிப்பு தாறுமாறாகிப் போய் ஐந்து நாள் தீவிர சிகிச்சை. விழுந்த மறுநாளே டாக்டர் பொடியைச் சந்தேகப்பட்டு ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அதிலும் 184.

"கடைசிப் பக்கத்துலதான் என் கையெழுத்து. எண்கள் எல்லாம் முதல் பக்கத்துல. முதல் பக்கத்தை மாத்திட்டாங்க. என் நோட்டுல அந்தப் பக்கத்தைக் காணோம், கம்ப்யூட்டர்லயும் 184தான் இருக்கு. பத்ரிநாத் சார் மறுசோதனை பண்ணி அதே எண் வந்துச்சுங்கறார். இன்னிக்கு நாலு மணிக்கு நான் '184 சரி'ன்னு கையெழுத்துப் போடணும். இல்லன்னா தப்பான ரிப்போர்ட் கொடுத்தது நான்தான்னு எழுதி வெளியே போகணும்."

"இதுக்கு நடுவுல டப்பா விற்பனை?"

"நடக்குது."

காலையில் இதைக் கேட்டு ஹெர்பர்ட் ஸ்டியரிங்கைத் தட்டியிருந்தான். "நறுவிலின்னா கன்னடத்துல சள்ளெ ஹண்ணு இல்லையா? தினம் பேப்பர்ல வருமே மேடம். 'போலீசரிகே சள்ளெ ஹண்ணு தின்னிசி பராரி'. போலீசுக்கு இந்தப் பழத்தைத் தின்னக் கொடுத்துட்டு ஓடிட்டானாம். ஏமாத்திட்டான்னு அர்த்தம். இங்க ஊருக்கே தின்னக் கொடுத்திருக்காங்க."

இப்போது மங்கை காருக்குள் ஏறி டிஷ்யூவை அதிதியிடம் நீட்டினாள். "இது என்னன்னு சொல்லு."

அதிதி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். நூல் நூலாக இழுத்தது. ஓரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு தோல் துணுக்கு.

"நறுவிலிப் பழம்! போன வாரம்தான் இந்த சீசன் பழம் வந்தது. லேப் ஃப்ரிட்ஜில ஒரு பை வெச்சிருந்தேன். இது எங்க கிடைச்சது?"

"உன் முத்திரைத் தாளுக்கு அடியில."

"ஆக பத்ரிநாத் உறையைத் திறந்து உள்ளே இருந்ததை மாத்திட்டாரு" என்றான் ஹெர்பர்ட். "கேஸ் முடிஞ்சது. டீ குடிக்கலாம்."

"அவர் மேஜையில மூணு கம் பாட்டில் இருக்கு ஹெர்பர்ட். மூணு பாட்டில் வெச்சிருக்கறவர் பழத்தை எதுக்குப் பிதுக்கணும்? தவிர, பழச் சதையில சர்க்கரை இருக்கு, எறும்பு வரும்னு வேதியியல் படிச்சவங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப படிக்காதவங்க."

"கம் பாட்டில் கேக்க முடியாதவங்க" என்றாள் மங்கை. "இங்க கம் வேணும்னா என்ன பண்ணணும் அதிதி?"

"ஸ்டோர்ல ரிஜிஸ்டர் இருக்கு. பேர், டிபார்ட்மென்ட், கையெழுத்து. பர்மனென்ட் ஸ்டாஃப் மட்டும்தான் வாங்கலாம்."

"கார்டு இல்லாம சாம்பிள் அறைக்குள்ள போறவங்க யாராவது உண்டா?"

அதிதி யோசித்தாள். "காலையில ஏழு மணிக்கு செக்யூரிட்டி கதவைத் திறந்துவிடுவார். கிளீன் பண்ண வள்ளியம்மா வருவாங்க. கான்ட்ராக்ட் ஸ்டாஃப்."

"வள்ளியம்மா எங்க இருந்து வராங்க?"

"ஸ்ரீராம்புரம்" என்று சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஸ்ரீராம்புரம் என்ற பெயரை அன்று இரண்டாவது தடவை சொல்லியிருந்தாள்.

*

கட்டடத்தின் பின்பக்கம், துடைப்பங்களும் வாளிகளும் வைக்கும் தகரக் கொட்டகையில் வள்ளியம்மா மாப் பிழிந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, நேரான உடம்பு. நீல யூனிஃபார்ம் கோட்டுக்கு மேல் தோளில் ஒரு துணிப் பை. வேலை செய்யும்போதும் அதை இறக்கி வைக்கவில்லை.

"வள்ளியம்மா, என் பேர் மங்கை. கோவிந்தப்பா உங்களுக்கு என்ன வேணும்?"

மாப் கையிலிருந்து நழுவி வாளியில் விழுந்தது.

"எங்க அண்ணன்" என்றார். பிறகு குரல் கனத்தது. "நீங்க பத்ரி சார் அனுப்பின ஆளா?"

"இல்ல. அதிதி அனுப்பின ஆள்."

"ரெண்டும் ஒண்ணுதான். கையெழுத்து யாருது? அந்தப் பொண்ணுதுதானே?" வள்ளியம்மாவின் கண்கள் கலங்கின. ஆனால் முகம் இறுகியே இருந்தது. "நம்ப லேப்ல டெஸ்ட் பண்ண சாமானாச்சே, அந்தப் பொண்ணு நல்லாதானே வேலை செய்யும்னு நம்பி அண்ணனுக்கு டப்பா வாங்கிக் குடுத்தது நானு. என் கையால கலக்கிக் குடுத்தேன். அவுரு விழுந்தப்ப டம்ளர் கழுவிக்கினு இருந்தேன்."

ஹெர்பர்ட் வாளியில் விழுந்த மாப்பை எடுத்துப் பிழிந்து வைத்தான். அவன் வரலாற்றில் அது அபூர்வம்.

"சனிக்கிழமை என்ன நடந்தது?" என்று கேட்டாள் மங்கை.

"கேபின் துடைச்சிக்கினு இருந்தேன். பத்ரி சார் கன்னடத்துல போன் பேசினாரு. எனக்குக் கன்னடம் வராதுன்னு நெனப்பு. நான் பொறந்ததே இங்க ஒக்கலிபுரத்துல. 'அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடட்டும், போட்டதும் அந்த சாம்பிளை அழிச்சிடறேன், அப்புறம் ஆதாரமே கெடையாது'ன்னாரு. அழிச்சிட்டா எங்க அண்ணன் ஏன் விழுந்தாருன்னு எப்படித் தெரியும்?"

"அதனால நீங்களே எடுத்துட்டீங்க."

"திருடல. பத்திரப்படுத்தினேன்." வள்ளியம்மா துணிப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "திங்கக்கெழமை காலையில. ஈரத் துணி வெச்சா அந்தத் தாள் கிழியாம வந்துடுச்சு. உள்ள சீல் பண்ண பை ஒண்ணு. அதை எடுத்துட்டு, வீட்டுலேர்ந்து கொண்டாந்த ராகி மாவைப் போட்டேன். நெறமும் சேர்ந்துது, கனமும் சேர்ந்துது. ஒட்டறதுக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல. நான் போய் கம் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. ஃப்ரிட்ஜில அந்தப் பழம் இருந்துது. சின்னதுல ரயில் ரோட்டு ஓரம் பொறுக்கி அதாலதான் பட்டம் ஒட்டுவோம்."

மங்கை மனதுக்குள் நாட்களை வரிசைப்படுத்தினாள். திங்கட்கிழமை உறைக்குள் ராகி போனது. பத்ரிநாத் உறையைத் திறந்து சோதித்ததாகச் சொல்வது செவ்வாய்க்கிழமை.

அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"வள்ளியம்மா, அந்த சீல் பண்ண பை எங்க?"

வள்ளியம்மாவின் கை துணிப் பையை விட்டு நகரவில்லை.

"நாலு நாளா பஸ்ஸுல தூக்கிக்கிட்டே வரீங்களா?"

"வீட்டுல வெச்சா யாராச்சும் பிரிச்சிக் கலக்கிக் குடிச்சிட்டா? இது மட்டும் இல்லம்மா. டயாலிசிஸ் ரூம்ல அண்ணன் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு பேரு வாங்கிக் குடிக்கிறாங்க. குடிக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கினேன். 'டப்பாவோட லேப் ரிப்போர்ட் நகல் இருக்கு, டாக்டர் கையெழுத்து இருக்கு, நீ யாரும்மா'ன்னு கேக்கறாங்க. தரை துடைக்கறவ சொன்னா எவன் கேப்பான்?"

"கையெழுத்துப் போட்ட பொண்ணும் உங்களை மாதிரியேதான் மாட்டிக்கிட்டிருக்கா" என்றாள் மங்கை. அதிதியின் எண்ணை மாற்றிய விதத்தை, முதல் பக்கம் போன கதையை, இரண்டே நிமிடத்தில் சொன்னாள். வள்ளியம்மா முழுவதையும் கேட்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

"நாலு மணிக்கு மீட்டிங் அறை வாசல்ல நில்லுங்க. நான் கூப்பிட்டா உள்ளே வாங்க. வேலை போயிடும்னு பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார் வள்ளியம்மா. "வரேன்."

*

நான்கு மணி. மீட்டிங் அறையின் நீள மேஜையின் தலைப்பக்கம் ஆய்வகத்தின் நிர்வாக இயக்குநர் மௌரீன் உட்கார்ந்திருந்தார். பெங்களூர் க்ளீவ்லண்ட் டவுன்காரர், வெள்ளை கிராப், மூக்கு நுனியில் கண்ணாடி. தமிழ் நன்றாகவே வரும், பொறுமைதான் வராது.

"மிஸ் மங்கை, ஐந்து நிமிஷம். அதுக்கப்புறம் அதிதி கையெழுத்துப் போடலாம், இல்ல போடாம இருக்கலாம்."

"மூணு நிமிஷம் போதும் மேடம்." மங்கை அந்தப் பழுப்பு உறையை மேஜை நடுவில் வைத்தாள். ஹெர்பர்ட் கடைசி எறும்பை ஊதி விரட்டினான். "பத்ரிநாத் சார், இதைச் செவ்வாய்க்கிழமை திறந்தது நீங்கதானே?"

"நானேதான்."

"சோதிச்சதும்?"

"நானேதான். முக்கியமான விஷயம் பாருங்க, ஜூனியர்ஸ் யாரையும் விடல. ரிப்போர்ட் இதோ." கையெழுத்துப் போட்ட தாளை மௌரீன் பக்கம் நகர்த்தினார். "பொட்டாசியம் 184. பசைப்பொருள் பதினொண்ணு. டானின், இரும்பு எல்லாம் பழைய ரிப்போர்ட்டேதான். ஒரு தசமம்கூட மாறல."

"அவ்வளவு துல்லியம்" என்று ஹெர்பர்ட் முணுமுணுத்தான். "எங்க வீட்டு வெயிங் மெஷின் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு காட்டும்."

மங்கை உறையின் வாயைப் பிரித்தாள். உள்ளேயிருந்து வெளியே வந்தது சாதாரண பிளாஸ்டிக் பை. வாயில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

அதிதி முன்னால் சாய்ந்தாள். "இது நான் வெச்ச பை இல்ல! நான் ஹீட் சீல் பண்ணி மேல மார்க்கர்ல கையெழுத்துப் போட்டிருந்தேன்."

எல்லோரும் பத்ரிநாத்தைப் பார்த்தார்கள். புன்னகை ஒரு நொடி தடுக்கி விழுந்து, எழுந்துகொண்டது.

"ஆமாமா. சீல் பையை வெட்டித்தானே பொடியை எடுக்க முடியும்? வெட்டினதும் மிச்சத்தை இந்தப் பையில மாத்திப் போட்டேன்."

"வெட்டின பை?"

"குப்பைக்குப் போயிடுச்சு."

"அப்ப இந்தப் பையில இருக்கறதுதான் நீங்க சோதிச்ச பொடி. அதுல சந்தேகம் இல்லையே?"

"சந்தேகமே இல்ல."

"நன்றி" என்றாள் மங்கை. "அதிதி, பதினொரு சதவீதம் பசை இருக்கற பொடியைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"ரெண்டு நிமிஷத்துல கோந்து மாதிரி ஆயிடும். ஸ்பூனைத் தூக்கினா நூலா இழுக்கும்."

ஹெர்பர்ட் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். இரண்டு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கினான். எல்லோரும் காத்திருந்தார்கள். பொடி பேசாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே கலங்கல் தண்ணீர். ஹெர்பர்ட் ஸ்பூனைத் தூக்கினான். சொட்டுச் சொட்டாக விழுந்தது, நூலும் இல்லை, கோந்தும் இல்லை.

அவன் பைக்குள் விரலைவிட்டு முகர்ந்தான். நாக்கில் வைத்தான். பிறகு மௌரீனைப் பார்த்து மிகுந்த மரியாதையுடன் சொன்னான்:

"மேடம், இது ராகி. கொஞ்சம் கொதிக்கிற தண்ணி, ஒரு கட்டை கொடுத்தீங்கன்னா இங்கயே முத்தெக் களி கிண்டித் தரேன். தொட்டுக்க சாரு மட்டும் வெளியில வாங்கணும்."

மௌரீன் கண்ணாடியைக் கழற்றினார். பையைத் தன் பக்கம் இழுத்துத் தானே ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பெங்களூரில் அறுபது வருடம் வாழ்ந்தவருக்கு ராகியை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

"பத்ரி" என்றார். குரல் தணிந்திருந்தது. "ராகியில பதினோரு சதவீதம் பசைப்பொருள் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மாத்தியிருக்காங்க!" பத்ரிநாத் எழுந்துவிட்டார். "செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் யாரோ... அதிதிதான்! அவளுக்குத்தான் தேவை!"

"அதிதியோட கார்டை நீங்க வாங்கி வெச்சது சனிக்கிழமை" என்றாள் மங்கை. "அதுக்கப்புறம் அவ வாசலைத் தாண்டினது இன்னிக்குத்தான். ஆனா ஒண்ணு மட்டும் சரி, மாத்தியிருக்காங்க. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இல்ல, முன்னாடி. நீங்க திறந்திருந்தா அன்னிக்கே ராகியைப் பார்த்திருப்பீங்க. வள்ளியம்மா, உள்ளே வாங்க."

கதவு திறந்தது. நீலக் கோட்டு, தோளில் துணிப் பை. அந்த அறையைத் தினமும் துடைப்பவர், அதற்குள் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அன்றுதான் முதல் தடவையாக நுழைந்தார். பத்ரிநாத்தைப் பார்க்காமல் நேராக மௌரீனிடம் போனார்.

"நான்தான் எடுத்தேன் மேடம். திங்கக்கெழமை. அழிச்சிடுவேன்னு இவுரு போன்ல சொன்னதைக் கேட்டேன். அதான்."

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்தார். அதற்கடியில் மடித்த துண்டு. துண்டுக்குள் ஒரு ஒளி ஊடுருவும் பை. நான்கு பக்கமும் ஹீட் சீல். குறுக்கே கறுப்பு மார்க்கரில் NV-17, மூன்று மாதம் முந்தைய தேதி, அதிதியின் கையெழுத்து. எங்கேயும் ஒரு வெட்டு இல்லை, ஒரு துளை இல்லை.

"நீங்க வெட்டிக் குப்பையில போட்ட பை சார்" என்றாள் மங்கை. "தானே ஒட்டிக்கிச்சு போல."

பத்ரிநாத் உட்கார்ந்தார். புன்னகை எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

*

முழுமையான சோதனைக்கு ஒரு நாள் வேண்டும். தோராயமான பதிலுக்கு அரை மணி நேரம் போதும் என்றாள் அதிதி. மௌரீன் தன் கார்டையே கழற்றிக் கொடுத்தார். சாட்சிக்கு அவரும் கூடவே நின்றார். சீல் வெட்டப்பட்டது. பொடியில் கொஞ்சம் தண்ணீரில் விழுந்து உடனே கொழகொழவென்று பெருகியது. இன்னும் கொஞ்சம் அமிலத்தில் கரைந்து, வடிகட்டி, கருவியின் சுடருக்குள் போனது. சுடர் நிறம் மாறியது. திரையில் எண் நின்றது.

அதிதி கணக்குப் போட்டாள். சரிபார்க்க இரண்டாம் முறையும் போட்டாள்.

"1,820. தோராயமா."

மௌரீன் உடனே போனை எடுத்தார். அங்கேயே நின்றபடி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு போன், நறுவிட்டா கம்பெனிக்கு ஒரு போன். இரண்டாவது போனில் அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு ஹெர்பர்ட் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான். ஐந்தரை மணிக்குள் விற்பனையை நிறுத்தும் மின்னஞ்சல் எல்லாக் கடைகளுக்கும் போனது. மீட்டிங் அறையில் பத்ரிநாத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தை மாற்றியதும், நோட்டைக் கிழித்ததும், கம்பெனியில் பங்குதாரர் யார் என்பதும். பங்குதாரர் அவருடைய சொந்த மைத்துனர்.

ஆய்வறை வாசலில் வள்ளியம்மா நின்றுகொண்டிருந்தார். அதிதி கையுறையைக் கழற்றியபடி அவரிடம் வந்தாள்.

"உங்களைத்தான் தப்பா நெனச்சேன்" என்றார் வள்ளியம்மா.

"என் பேரைப் பாத்துதான் வாங்கினீங்க" என்றாள் அதிதி. "ரிப்போர்ட் அச்சானதும் நான் ஒரு தடவை எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல. அண்ணா எப்படி இருக்கார்?"

"நேத்து வார்டுக்கு மாத்திட்டாங்க. இன்னிக்குக் கஞ்சி குடிச்சாரு." வள்ளியம்மா கோட்டுப் பையிலிருந்து பழைய போனை எடுத்தார். "அந்த நாலு பேரு..."

"கூப்பிடுங்க. நான் பேசறேன்."

முதல் மூன்று போன்களும் வேகமாக முடிந்தன. ஒருவர் போன வாரமே நிறுத்திவிட்டார். ஒருவர் திட்டினார், பிறகு நன்றி சொன்னார். மூன்றாமவரின் மருமகள் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து சொன்னாள்.

நான்காவது வெங்கடசாமி. அறுபத்தெட்டு வயது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், பிடிவாதத்தில் நம்பர் ஒன் என்று வள்ளியம்மா முன்கூட்டியே எச்சரித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"மறுபடியும் நீயாம்மா? எத்தனை வாட்டி சொல்றது? ரிப்போர்ட்ல டாக்டரம்மா கையெழுத்து இருக்குது. நான் பாத்தேன்."

"ஐயா, நான் அந்த டாக்டர்தான் பேசறேன். அதிதி."

"டாக்டரம்மாவா?"

"அந்த ரிப்போர்ட்ல இருக்கற எண் பொய் ஐயா. டப்பாவுல 184ன்னு போட்டிருக்கு இல்ல? அது 1,840. அந்தப் பொடி உங்களுக்கு ஆகாது. வள்ளியம்மா சொன்னதுதான் நிஜம்."

"நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

"சாயங்காலத்துக்குக் கலக்கிட்டேனேம்மா" என்றார் வெங்கடசாமி. குரலில் பிடிவாதம் காணாமல் போயிருந்தது. "டம்ளர் கையில இருக்குது. ஒரு வாய்..."

"குடிச்சிட்டீங்களா?" வள்ளியம்மா போனைப் பறித்துக் கத்தினார்.

"இல்ல, இல்ல. வாய்கிட்ட கொண்டு போனேன், போன் அடிச்சது."

"கீழ வைங்கண்ணா."

எல்லோரும் போன் பக்கம் சாய்ந்தார்கள். ஹெர்பர்ட்கூட.

ஸ்ரீராம்புரத்தில் ஏதோ ஒரு வீட்டில், மேஜை மேல் எவர்சில்வர் டம்ளரை வைக்கும் சத்தம் டங்கென்று கேட்டது.